சேய்மை விளி

தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்றோர் இயல் உண்டு. ஒருவரை அழைக்கும்போது அவர் பெயர் எவ்வாறு திரியும் என்பதை உரைக்கும் இயல் அது. 'ஊரன்' என்ற பெயரை 'ஊரா' என விளிப்பது பொதுமுறை. அவன் அருகிலேயே நின்றால் 'ஊர' என்றாலே போதும். தொலைவில் இருந்தால் பெயரின் ஈறு தனக்குரிய மாத்திரையையும் கடந்து நீண்டு ஒலிக்கும். ஆண்டுதோறும் இதை வகுப்பில் நடத்துகிறோம். மாணவர்கள் இரண்டு மதிப்பெண் வினாவுக்குரிய விடையாக மனத்தில் இருத்திக்கொண்டு கடந்துபோகிறார்கள். அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையிலுள்ள தூரம் பெயரின் வடிவத்துக்குள்ளேயே வந்து அமர்ந்துகொள்கிறது என்ற வியப்பு அவர்களைத் தொடுவதில்லை. அந்த நூற்பாவின் முழுப் பயனையும் நாங்கள் கண்டது ஒரு கணினி அறையில்.

நாங்கள் என்று இங்குச் சொல்வது காரைக்குடிப் பகுதிக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையினரை. 2018ஆம் ஆண்டில் எங்கள் துறையும் கணினி அறிவியல் துறையும் சேர்ந்து ஒரு பணியைத் தொடங்கின. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும் கதை வாசகர்கள் அறிந்ததே. தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் நல்ல விலை உண்டு. பரணில் கிடக்கும் பேரேடுகளுக்கு எடைக்கணக்கில்தான் விலை. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் எனக் கடல் கடந்து கடை வைத்திருந்தவர்களின் கணக்கேடுகளும் கடிதக் கட்டுகளும் பழைய பேப்பர்க் கடைக்குப் போவதற்கு முன், அவற்றில் இன்னின்ன இருந்தன என்றாவது குறித்துவைக்க விரும்பினோம். வீட்டுக்காரர் அனுமதியோடு கட்டுகளைப் பிரித்துப் படித்துக் குறிப்பெழுதுவது எங்கள் வேலை. அக்குறிப்புகள் சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் வழங்கியில், அதாவது சர்வரில், ஓர் அட்டவணையாகச் சேர்ந்தன. அந்த அட்டவணை மென்பொருள் பத்தாண்டுகளுக்கு முன்பு ஜாவா மொழியில் எழுதப்பட்டது. காரைக்குடியில் எவரும் வந்து பெயர் சொல்லித் தேடும்படி, கல்லூரிக் கணினியில் ஒரு வலைச்செயலியை மாணவர்கள் எழுதினார்கள். இச்செயலி சென்னை வழங்கியை அழைத்து விடை வாங்கித் தரவேண்டும். அது வாங்கித் தரவில்லை.

"ஐயா, அந்தப் பெயரே இல்லை என்கிறது" என்றார் கணினித்துறையின் இளம் ஆசிரியை.

"யாருடைய பெயர் அம்மா?"

"யாருடைய பெயரும் இல்லை ஐயா. அட்டவணையின் பெயர்."

ஒரு செயலி தனக்கு வேண்டிய இன்னொன்றை, அது இருக்கும் இடத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிப் பெறுவதற்கு ஜாவாவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஜாவா நேமிங் அண்ட் டைரக்டரி இன்டர்ஃபேஸ் என்பது முழுப்பெயர்; ஜே.என்.டி.ஐ. எனச் சுருக்கி வழங்குவர். 2000ஆம் ஆண்டில் வந்த ஜாவா 1.3 பதிப்பு முதல் அது அம்மொழியின் அடிப்படை உறுப்புகளில் ஒன்று. இருப்பிடம் மாறக்கூடியது. கணினி பழுதாகும், எண் மாறும், ஊரே மாறலாம். ஆகவே பெயரையும் பொருளையும் இணைத்துக் காட்டும் ஏடு ஒன்றை ஓரிடத்தில் வைத்து, வேண்டியவர் அவ்வேட்டைக் கேட்டுப் பொருளை அடையட்டும் என்பதே இதன் உட்கருத்து. இருப்பிடம் மாறினால் ஏட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். கேட்பவர் எதையும் மாற்றவேண்டியதில்லை.

ஆசிரியை இதை விளக்கியபோது எங்களுக்கு அது புதுக்கருத்தாகப் படவில்லை. செட்டிநாட்டில் இதற்கு விலாசம் என்று பெயர்.

நகரத்தார் வழக்கில் விலாசம் என்பது கதவிலக்கமும் தெருவும் அன்று. முன்னோர் பெயர்களின் முதலசைகளைக் கோத்த தொடர் அது. குடும்பத்துக்கும் தொழிலுக்கும் அதுவே அடையாளம். ராய. சொக்கலிங்கம், ராம. அழகப்பச் செட்டியார் என நாம் படிக்கும் பெயர்களின் முன்னுள்ள அசைகள் இவ்வழக்கின் குறுகிய வடிவம். தொழில்நிலைய விலாசங்களில் அது மூன்று நான்கு தலைமுறை வரை நீள்வதுண்டு. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது மரபாதலால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். இயற்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைப் பிரித்தறிய இயலாது.

இருப்பிடமும் உதவாது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள் பெட்டி வைத்து வட்டித்தொழில் நடத்தின. கதவிலக்கம் ஒன்று, விலாசங்கள் பல. கடையைக் கவனிக்கும் ஏஜெண்டு பொதுவாக மூன்றாண்டுக் கெடுவுக்குப் போவார். கெடு முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துத் திரும்புவார். அவ்விடத்துக்கு வேறொருவர் கப்பலேறுவார். ஆள் மாறினாலும் விலாசம் மாறாது. இங்கே எழுதிய உண்டியலை இரங்கூன் முகல் தெருவில் காட்டிப் பணம் பெறலாம் என்ற உறுதி, அந்த நாற்காலியில் அன்று யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்ததன்று, விலாசத்தைப் பொறுத்தது. பெயர் நிலைத்திருக்க, அதன் பின்னுள்ள ஆளும் இடமும் மாறிக்கொண்டே இருக்கலாம் என்ற நுட்பத்தை நம்மூர்க் கணக்கப்பிள்ளைகள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இனி எங்கள் இடருக்கு வருவோம். திரையில் தோன்றிய பிழைச்செய்தி, 'இந்தச் சூழலில் இப்பெயர் பிணைக்கப்படவில்லை' என்ற பொருளுடையது. 'பெயர் பிணைக்கப்படவில்லை' என்பதை மட்டும் படித்துவிட்டு மாணவர்கள் சென்னைக்குத் தொலைபேசியில் பேசினார்கள். சென்னையில் இருந்தவர்களோ, தங்கள் ஏட்டில் பெயர் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார்கள். இரு சாராரும் சொன்னது உண்மை. 'இந்தச் சூழலில்' என்ற அடைமொழிக்குத்தான் யாரும் உரை காணவில்லை.

எந்தச் சூழல்? எங்கள் வலைச்செயலி டாம்கேட் என்னும் வழங்கிக்குள் இயங்கியது. டாம்கேட்டுக்குச் சொந்தமாக ஒரு பெயரேடு உண்டு. உள்ளே இயங்கும் செயலி வேறு எதையும் குறிப்பிடாமல் ஒரு பெயரைக் கேட்டால், டாம்கேட் தன் ஏட்டைத்தான் புரட்டிப் பார்க்கும். சென்னை அட்டவணையின் பெயர் அதில் எப்படி இருக்கும்? கேள்வி காரைக்குடி எல்லையைத் தாண்டவே இல்லை. வீட்டுச் செலவுக் கணக்கைப் புரட்டிவிட்டு இரங்கூன் கடை வரவு இதில் இல்லையே என்பது போன்றது இது. அருகில் நிற்பவனுக்குரிய விளியால் தொலைவில் இருப்பவனை அழைத்தால் அவன் செவியில் எப்படி விழும்?

சேய்மை விளிக்குப் பெயர் நீளவேண்டும். எம்முறையில் பேசுவது, எந்தக் கணினி, அதன் எந்த போர்ட், அங்கே எந்தப் பெயர் என்ற நான்கையும் ஆசிரியை வரிசையாகச் சேர்த்து எழுதினார். முதலில் ஆர்.எம்.ஐ. என்ற தொலைதூர அழைப்பு முறையின் பெயர். அடுத்துச் சென்னை வழங்கியின் பெயர். பிறகு அங்குள்ள பெயரேட்டுக்குரிய 1099 என்ற போர்ட் எண். இறுதியில் அட்டவணையின் பெயர். இப்படி முழுமையாக எழுதிவிட்டால் டாம்கேட் தன் ஏட்டைத் திறப்பதில்லை. கேள்வியைத் தொலைவிலுள்ள ஏட்டுக்கு விட்டுவிடும்.

விடை வரவில்லை, ஆனால் பிழைச்செய்தி மாறிற்று. இவ்வகை இடர்களில் செய்தி மாறுவதே முன்னேற்றத்துக்கு அறிகுறி என்று ஆசிரியை சொன்னார். அவர் கரும்பலகையில் எழுதிக்காட்டிய வரிசை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெயர் சொல்லித் தேடுவதில் நான்கு படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் இடறி விழும்போது வரும் செய்தி வேறு. யாரிடம் கேட்பது என்றே சொல்லப்படாவிட்டால், முதற்சூழல் இல்லை என்று வரும். யாரிடம் என்று தெரிந்தும் அவரைச் சென்றடைய முடியாவிட்டால், தொடர்பு கிட்டவில்லை என்று வரும். சென்றடைந்தும் அவரது ஏட்டில் அப்பெயர் இல்லாவிட்டால், பெயர் காணப்படவில்லை என்று வரும். பெயர் கிடைத்தும் அதன் பின்னுள்ள பொருள் நாம் எதிர்பார்த்த வகையைச் சேராததாக இருந்தால், வகை பொருந்தவில்லை என்று வரும். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அறியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பவர்கள்தாம் நாட்கணக்கில் அலைகிறார்கள். பாடவேறுபாடு பார்ப்பதற்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

நாங்கள் இப்போது இரண்டாம் படியில் இருந்தோம். சென்னை வழங்கியைக் காக்கும் தீயரண் 1099ஐ வெளியாருக்கு அடைத்து வைத்திருந்தது. எங்கள் கல்லூரி முகவரிக்கு மட்டும் அதைத் திறக்கச் சொல்லிக் கடிதம் எழுதினோம், திறந்தார்கள்.

அடுத்து வந்த இடர் எங்களை இரண்டு நாள் உட்காரவைத்தது. வழி திறந்தாயிற்று. பெயரும் கிடைத்தது. பெயருக்குரிய பொருளும் வந்தது. அப்பொருளிடம் முதற்கேள்வியைக் கேட்டவுடன், '127.0.0.1 இணைப்பை மறுத்தது' என்று செய்தி வந்தது. கணினி அறிந்தவர்களுக்கு இவ்வெண் பழக்கமானது. ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே சுட்டிக்கொள்ளும் எண் அது. 'நான்' என்ற தன்மைப் பெயரோடு ஒப்பிடலாம். எவர் வாயில் வருகிறதோ அவரையே அது குறிக்கும்.

நடந்தது இதுதான். ஆர்.எம்.ஐ. முறையில் பெயரேடு தருவது ஓர் அறிமுகச்சீட்டு. அதில் 'இன்ன இடத்துக்கு வந்து என்னோடு பேசு' என்று வழங்கி தன் முகவரியை எழுதியனுப்புகிறது. லினக்ஸ் கணினிகளில் ஹோஸ்ட்ஸ் என்றொரு சிறு கோப்பு இருக்கும். சென்னைக் கணினியின் பெயருக்கு நேரே அக்கோப்பில் 127.0.0.1 என்று எழுதியிருந்தது. ஆகவே தன் முகவரியை எழுதவேண்டிய இடத்தில் வழங்கி 'நான்' என்று எழுதிவிட்டது. சென்னைக்குள் இருந்தவரை அச்சொல்லுக்குப் பொருள் சரியாகவே இருந்தது. அங்கே சோதித்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. சீட்டு காரைக்குடிக்கு வந்து சேர்ந்ததும் 'நான்' என்பது எங்கள் கணினியைக் குறிக்கத் தொடங்கியது. எங்கள் செயலி தன் வீட்டுக் கதவையே தட்டி, உள்ளே ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மருந்து எளிது. வெளியுலகுக்கு உன் பெயர் இது என்று வழங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. 'ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம்' என்பது அதன் பெயர். அதில் பிறர் அழைக்கும் பெயரை இட்டு வழங்கியை மறுபடி தொடங்கச் செய்தோம். இன்னும் ஒன்று எஞ்சியிருந்தது. 1099 என்பது ஏட்டின் வாயில் மட்டுமே. பொருளோடு பேசுவது வேறொரு போர்ட் வழியாக. சொல்லிவைக்காவிட்டால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அவ்வெண் மாறிவிடும். தீயரணில் எதைத் திறப்பது? அதையும் நிலையான எண்ணாக்கச் சொல்லித் திறக்கவைத்த பிறகே எங்கள் திரையில் முதல் விடை வந்தது.

சில வாரங்கள் கழித்து மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். அவருடைய தாயார்க்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். தாயாரின் தகப்பனார் பர்மாவில் ஒரு கடையில் ஏஜெண்டாக இருந்தவர். 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். 1942 மார்ச்சில் நகரம் அவர்கள் கைக்குப் போயிற்று. இலட்சக்கணக்கான இந்தியர்கள் மணிப்பூர் வழியாகவும் அரக்கான் வழியாகவும் நடந்தே வெளியேறினார்கள். அந்த நடையிலிருந்து அவர் திரும்பவில்லை. எந்தக் கடை, எந்த ஊர், கடைசியாக எப்போது எழுதினார் என்பது எதுவும் அவர் மகளுக்குத் தெரியாது. சிறு பிள்ளையாக இருந்தபோது கேட்ட அப்பச்சியின் பெயர் மட்டும் நினைவில் இருக்கிறது.

பெயரைத் தட்டினோம். செயலி சென்னையைச் சரியாக அழைத்தது; நொடியில் விடை கொண்டுவந்தது. அப்பெயரில் 11 பேர் இருந்தார்கள்.

அன்று கணினியில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் சில வாரங்களுக்கு முன் திரையில் படித்த அதே செய்திதான் மீண்டும் எங்கள் முன் நின்றது. எந்தச் சூழலில் இப்பெயர்? விலாசம் என்ன என்று கேட்டோம், ஆச்சிக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் முழுப்பயன் இராது. பிறர் கடையில் வேலை பார்த்தவர் எழுதிய தாள்கள் அவர் குடும்ப விலாசத்தில் இரா. முதலாளியின் விலாசத்தில்தான் இருக்கும். எங்கள் துறையின் மூத்தவர் ஒருவர், "ஆச்சி, உங்க அம்மா பிறந்த வீடு எந்தக் கோயில்?" என்று கேட்டார். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. எவரும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவராகவே இருப்பார். ஆச்சி சற்றும் தயங்காமல், "மாத்தூர்" என்றார்.

எங்கள் குறிப்பேடுகளில் கோயில் எழுதப்பட்டிருந்த இடங்களைக் கையால் தேடி, 11 பேரை இருவராக்கினோம். அவ்விருவரில் ஒருவருக்கு ஒரு சம்பளச்சீட்டு இருந்தது. ஏஜெண்டாகப் போகிறவர், இன்ன விலாசத்துக் கடைக்கு, இத்தனை ஆண்டுக் கெடுவுக்கு, இவ்வளவு சம்பளத்துக்குச் சம்மதித்து எழுதிக்கொடுக்கும் தாள் அது. ஆளின் பெயரும் கடையின் விலாசமும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் அதுவே. அந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் பெகு ஊர்க் கடையின் கடிதக் கட்டு. அதில் கடைசிக் கடிதம் 1942 ஜனவரியில் எழுதியது. கணக்கு நேராக இருப்பதாகவும், பெட்டிச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிவிக்கும்படியும் முதலாளிக்கு எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அக்கட்டில் அவர் கையெழுத்து இல்லை. ஆச்சி கையெழுத்தை மட்டும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். கடிதத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறை வாசிக்க வேண்டாம் என்றார்.

அதன்பின் அட்டவணையில் புதிய பத்திகள் சேர்த்தோம்: விலாசம், ஊர், கோயில், கடை இருந்த ஊர், முதலாளியின் விலாசம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஏட்டை நடத்தமுடியாது என்பதைக் கணினியும் ஆச்சியும் சேர்ந்தே எங்களுக்குக் கற்பித்தார்கள்.

பெயர் தேடும் இவ்வேற்பாட்டுக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 2021 டிசம்பரில் உலகெங்கும் வழங்கிகளைக் காப்பவர்கள் உறக்கமிழந்தார்கள். லாக்ஃபோர்ஜே என்பது ஜாவா செயலிகள் தங்கள் நாட்குறிப்பை எழுத உதவும் ஒரு மென்பொருள்; அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ்த் தன்னார்வலர்கள் பேணுவது; எண்ணிலடங்காத நிறுவனங்கள் பயன்படுத்துவது. குறிப்பு எழுதும்போது இடையில் ஜே.என்.டி.ஐ. பெயர் ஒன்று வந்தால் அதைத் தேடிப் பொருளை இட்டு நிரப்பும் வசதியை 2013இல் அதில் சேர்த்திருந்தார்கள். விளைவு என்ன? வெளியாள் ஒருவர் தேடுபெட்டியிலோ அரட்டைப் பெட்டியிலோ தன் வழங்கியின் பெயரை அம்முறையில் எழுதினால் போதும். நாட்குறிப்பு எழுதும் மென்பொருள் அவ்வரியை எழுதுவதோடு நில்லாமல், அந்த அந்நிய வழங்கியைத் தேடிப்போய், அது கொடுப்பதைக் கொண்டுவந்து இயக்கிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி எழுதியே அதன் வழங்கியைக் கைப்பற்ற முடிந்தது. ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து எனக் கணிக்கப்பட்டது. இத்தகைய தேடலின் ஆபத்தை 2016ஆம் ஆண்டு பிளாக் ஹாட் மாநாட்டிலேயே இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருந்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

வந்தவர் சொன்னதைப் பேரேட்டில் எழுதிக்கொள்ளவேண்டிய கணக்கப்பிள்ளை, 'இன்ன விலாசத்தில் கேள்' என்று அவர் சொன்னதும் எழுதுகோலை வைத்துவிட்டு அவ்விலாசத்துக்கு ஓடி, அங்கே சொன்னபடியெல்லாம் பெட்டியைத் திறந்து கொடுத்தால் கடை என்னாகும்? எந்த விலாசம் வந்தாலும் முன்பின் அறியாமல் உண்டியலுக்குப் பணம் கொடுத்தவர்கள் அல்லர் நம்மவர்கள். கையெழுத்து அறிந்தவர், கோயில் அறிந்தவர், பங்காளிகளை அறிந்தவர் என்ற வட்டத்துக்குள்தான் அந்த நம்பிக்கை இயங்கிற்று. பெயரைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. எவர் சொன்ன பெயரைத் தேடிப்போகலாம் என்று அறிவது வேறொரு திறமை. முன்னதைக் கணினிக்குக் கொடுத்தவர்கள் பின்னதைக் கொடுக்க மறந்தார்கள். லாக்ஃபோர்ஜேயின் 2.16.0 பதிப்பில் ஜே.என்.டி.ஐ. இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டது. ஆனால் பழைய பதிப்புகள் எந்தெந்த மூலையில் ஒளிந்திருக்கின்றன என்று தேடுவது பலருக்கும் மாதக்கணக்கில் நீண்ட வேலையாயிற்று. எங்கள் அட்டவணையும் 2022இல் ஆர்.எம்.ஐ. முறையைக் கைவிட்டு, உலாவிகள் பேசும் சாதாரண மறைகுறி வழிக்கு மாறியது. 1099 வாயில் அடைபட்டது.

இப்போது விளிமரபு நடத்தும்போது மாணவர்களிடம் 127.0.0.1 கதையைச் சொல்கிறோம். சிரிக்கிறார்கள், பிறகு, சேய்மைக்கு ஏன் மாத்திரை நீளவேண்டும் என்று தாங்களே கேட்கிறார்கள். தேடுபெட்டியில் இன்னும் பெயரை மட்டும் தட்டுகிறவர்கள்தாம் மிகுதி. அவர்களுக்காகப் பெட்டியின் கீழே ஒரு வரி எழுதிவைத்திருக்கிறோம்: தெரிந்தால் கோயிலையும் ஊரையும் குறிப்பிடுக, தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்க.